சத்திரத்தின் பின்வாசல்

அந்தச் சீன வாள்சண்டைப் படத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சத்திரக் காட்சிதான். வெளியே மழை. மலைப்பாதையோரம் ஒரு சத்திரம். மூலை மேசையில், வாளை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பெண் தேநீர் குடிக்கிறாள். வரி வசூலிக்கும் அதிகாரியின் ஆட்கள் உள்ளே நுழைந்து, மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வழிப்போக்கனை அடிக்கத் தொடங்குகிறார்கள். அவன் யார், என்ன தவறு செய்தான் என்று படம் சொல்வதில்லை; அவளும் கேட்பதில்லை. கோப்பையை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு எழுகிறாள்.

அதன்பின் நடக்கும் சண்டையிலிருந்து எத்தனையோ படங்கள் பிறந்திருக்கின்றன. கூரை ஓடுகளின்மேல் ஓசையின்றி ஓடுவது, மூங்கில் நுனியில் நிற்பது, படிக்கட்டுக் கைப்பிடியில் வழுக்கிவந்து பத்துப் பேரைச் சாய்ப்பது ஆகியவற்றை உலகமே எடுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கம்பியில் நம் ஊர்க் கதாநாயகர்கள் பறப்பதற்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது. கவிழ்த்துவைத்த கோப்பையைக்கூடச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் காப்பாற்றப்பட்ட அந்த வழிப்போக்கனை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பத்துப் பேரோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறான். படத்தில் அவனுக்கு அதற்குமேல் வேலை இல்லை.

கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரியின் விடுதித் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். குரல் கொடுத்தவர்கள் அவனை வெறுமனே போகவிடவில்லை. வாசலைத் தாண்டும்போது அவன் வாயில் ஒரு வசனத்தை வைத்திருந்தார்கள்: “அக்கா, அடுப்புல பால் வெச்சிருக்கேன், வந்துடறேன்!” விடுதியே உருண்டு சிரித்தது. அந்த வசனம் என்னோடு ஊர் ஊராக வந்தது. திருமணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வழக்காகவும் ஆனது. பாத்திரம் கழுவும் நேரத்தில் கணவர் நழுவினால் நான் சொல்வேன். துணி மடிக்கும் நேரத்தில் மகள் நழுவினால் இருவருமாகச் சொல்வோம். அமெரிக்காவில் பிறந்து எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் அவள் முழுதாகத் தமிழில் சொல்லும் வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

நாங்கள் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறோம். பக்கத்து ஊரின் பள்ளிக் கட்டடம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அதே கட்டடத்தின் மறுபக்க வகுப்பறைகளில் அதே நேரத்தில் சீனப் பள்ளி. ஒரு நடைபாதையின் இரு சுவர்களிலும் இரண்டு மொழிகளின் எழுத்துகள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் கிடக்கும் பெஞ்சுகளில் இரு பக்கத்துப் பெற்றோரும் அலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் அவர் எனக்கு அறிமுகமானார். சீனப் பள்ளியின் தன்னார்வலர். மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. அவருடைய மகனும் என் மகளும் வாரநாட்களில் ஒரே வகுப்பு.

நான் பொதுச் சுகாதாரம் படித்தவள். எதைச் செய்தால் யாருக்கு என்ன பாதிப்பு வரும் என்று கணக்கிடுவதே என் தொழில். இரண்டு பள்ளிகள் இத்தனை ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை என்பது எனக்கு ஒரு சமூகக் குறையாகத் தெரிந்தது. அவரோடு பேச்சு எப்படியோ பழைய வாள்சண்டைப் படங்களுக்குத் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சத்திரக் காட்சியைச் சொன்னேன். அவர் தன் தேநீர்க் குடுவையின் மூடியைப் பெஞ்சின்மேல் கவிழ்த்துவைத்தார். இருவரும் சிரித்தோம். பால் வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டியபோது அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: மூலப் படத்தில் அவன் ஒன்றும் பேசுவதில்லை. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான்.

தமிழ்ப் பிரதியில் அந்தப் பார்வையை வெட்டிவிட்டுத்தான் வசனத்தை ஒட்டியிருந்தார்கள் போலும்.

இரண்டு பள்ளிக் குழந்தைகளுக்கும் சேர்த்து மூலப் படத்தையே திரையிடுவதென்று முடிவாயிற்று. சுவரொட்டியை நான் வடிவமைத்தேன். உருவிய வாளோடு அந்தப் பெண். கீழே, ‘வீரர்கள் எப்படிச் சண்டையிடுகிறார்கள் என்று பார்க்க வாருங்கள்’ என்று ஆங்கிலத்தில். உணவுக்கூடத்தின் நீண்ட மேசைகளை மடக்கி ஓரமாக வைத்தோம். ஒரு பக்கம் சுண்டல், மறுபக்கம் அவர்களுடைய எள் உருண்டை. படம் முடிந்ததும் என் மகள் அவரிடம் போய், அந்த வழிப்போக்கன் பிறகு எங்கே போனான், அவளுக்கு நன்றியாவது சொன்னானா என்று கேட்டாள். படம் அதைச் சொல்வதில்லை என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். “அடுப்புல பால்” என்றேன். சிரித்துவிட்டாள்.

வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இரண்டு பள்ளிகளுக்கும் வாரம் மாற்றி வாரம் வரும். திரையிடலுக்கு மூன்று வாரம் கழித்து எங்கள் முறை. எங்கள் ஆள் வரவில்லை. ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். அலுவலக அறையில் கிடந்த மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தச் சீனப் பள்ளித் தன்னார்வலரே போய் நின்றிருக்கிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வகுப்பு முடிந்து நானும் மகளும் காரில் ஏறியிருந்தோம். பள்ளியை ஒட்டிய ஒரு வீட்டின் வாயிலை மறித்து ஒரு வேன் நின்றது. தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஒருவருடையது. எனக்குத் தெரிந்த வண்டிதான். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து கத்தினார். மஞ்சள் சட்டையில் நின்ற இவர் இரு கைகளையும் விரித்து, இதோ எடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மஞ்சள் சட்டையை மார்போடு கொத்தாகப் பிடித்து உலுக்கினார். இவர் பிடியை விலக்கக் கைகளை உயர்த்தினார். பிடி விட்டது. பின்னால் தள்ளாடிய வீட்டுக்காரரின் குதிகால் நடைபாதை விளிம்பில் தட்டிற்று. மணிக்கட்டு அடியில் மாட்ட விழுந்தார். இவ்வளவும் என் காரின் முன்கண்ணாடிக்கு நேரே, இருபது அடி தூரத்தில் நடந்தது.

எதிர்வீட்டு மனிதர் ஒருவர் சத்தம் கேட்டுத் தன் முன்கதவைத் திறந்தார். அவர் பார்த்திருக்கக் கூடியது, உயர்ந்த கைகளையும் விழுந்த ஆளையும் மட்டும்தான்.

மகள் பின்னிருக்கையிலிருந்து, அம்மா, அங்கிளுக்கு நாம் உதவ வேண்டாமா என்றாள்.

“டான்ஸ் கிளாஸுக்கு லேட் ஆயிருச்சு கண்ணு. பெரியவங்க பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். கைகள் இன்னும் முழுதாகக் கீழே இறங்கவில்லை.

அவர்மேல் தாக்குதல் புகார் பதிவாயிற்று. தற்காப்புக் கலை அடி அடித்துத் தன் கையை ஒடித்தார் என்பது வீட்டுக்காரரின் வாக்குமூலம். அந்தக் கட்டடத்தில் சண்டை சொல்லித்தருகிறார்கள் என்பதற்குச் சான்றாக அவர் காட்டியது, பள்ளிக் கதவிலிருந்து நாங்கள் இன்னும் கிழிக்காமல் விட்டிருந்த என் சுவரொட்டியை. சீனர் ஒருவர் கையை உயர்த்தினால் அது வேறு எதுவாக இருக்க முடியும்? அந்தப் படங்கள் உலகத்துக்கு எதையெல்லாமோ கொடுத்தன. இந்த எண்ணத்தையும் கொடுத்துவைத்திருக்கின்றன.

புகார் முடியும்வரை கட்டடத்துக்குள் வரக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகனை உள்ளே அனுப்பிவிட்டு வாசலுக்கு வெளியே குளிரில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நேராக விஷயத்துக்கு வந்தார். உங்கள் கார் அங்கே இருந்தது. நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். நீதிமன்றத் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. பார்த்ததைச் சொல்ல முடியுமா? சட்டத்தின் கணக்கில் அது சிறிய குற்றம்தான். ஆனால் நிரந்தர வசிப்புக்குக் காத்திருப்பவரின் காகிதங்களில் சிறியது என்று எதுவும் இல்லை. அவரும் எங்களைப் போலப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்.

“எங்கள் விண்ணப்பம் இப்போது கடைசிக் கட்டத்தில்…” என்று தொடங்கினேன்.

தெரியும் என்றார். “கொஞ்சம் டைம் கொடுங்கள்” என்றேன். அதற்கும் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.

இதை வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் எல்லாமே கிரீன் கார்டு வந்த பிறகுதான். சோபா வாங்குவது கார்டு வந்த பிறகு. தோட்டத்தில் மரம் நடுவது, நாய் வளர்ப்பது, மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவது எல்லாம் அதற்குப் பிறகு. நாங்கள் ஒன்பது ஆண்டுகளாகத் தரைவிரிப்பின்மேல் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட முடியாதது என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

கணவருடைய விசா என்னுடையதைச் சார்ந்தது. அவரிடம் சொன்னேன்.

“கார்டு வரட்டும்னு ஒரு சோபா கூட வாங்காம கெடக்கறோம். இப்பப் போயி கோர்ட்டுங்கறயே” என்றார்.

“சாட்சிதானுங்க. நான் என்ன குத்தவாளியா?”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல பேரு ஏறிருச்சுன்னா ஏறுனதுதான். எதுக்கு ஏறுச்சுன்னு எவன் படிச்சுப் பாப்பான்?”

“லாயர்கிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமா?”

“எந்த லாயரு? உங்க கம்பெனி லாயரா? நல்லாக் கேளு. நீ போன வெக்கறதுக்குள்ள உன் மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கும்.” பிறகு குரலைத் தணித்து, “நல்ல மனுசன்தான். நான் இல்லீங்கல. ஆனா ஒனக்கு ஒண்ணுன்னா மூணு பேரும் பொட்டியக் கட்டணும்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் வழக்கறிஞர், நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக வேலை செய்பவர். அதனால் அவரிடம் எங்களில் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை, வாட்ஸ்அப் குழுக்களில் முன்பின் தெரியாதவர்களிடம் ‘ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்று விசாரித்துத் தெரிந்துகொள்வோம். நானும் விசாரித்தேன். ஒருவர், ஆபத்தில்லை என்றார். நான்கு பேர், வம்பு எதற்கு என்றார்கள்.

தமிழ்ப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடமும் கேட்டேன். காபி ஃபிளாஸ்க் வைக்கும் மேசைக்கருகில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

“உங்க மனசு எனக்குப் புரியுதும்மா” என்றார் அவர். “ஆனா யோசிச்சுப் பாருங்க. வண்டி நம்ம வண்டி. ட்யூட்டி நம்ம ட்யூட்டி. இது கோர்ட்டுல வந்துச்சுன்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுல பில்டிங் பர்மிட்ட கேன்சல் பண்ணிருவாங்க. இத்தன புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போயி உக்கார வெக்கறது?”

“அண்ணா, அவர் நம்ம மஞ்சள் வெஸ்ட்டப் போட்டுக்கிட்டுத்தான் நின்னாரு.”

“யாரு போடச் சொன்னா? நாம சொன்னமா?”

பக்கத்திலிருந்தவர், “படம் போட்டுக் காட்டினதே நீங்கதான மேடம்? அவரு அந்த எஃபெக்ட்ல ஒரு ஸ்டெப் போட்டுட்டாரு” என்றார். மற்றவர் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். புன்னகைத்தேன்.

“அவங்க ஆளுங்கள்ல யாராச்சும் பாத்திருப்பாங்கம்மா. அவங்க சொல்லட்டும்” என்று ஒருங்கிணைப்பாளர் முடித்தார்.

வீட்டில் கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். சொன்னால் யாருக்கு என்ன, சொல்லாவிட்டால் யாருக்கு என்ன. அலுவலகத்தில் தொற்றுநோய்க்குப் போடுவதைப் போலவே, பாதிப்பின் அளவு, நிகழும் வாய்ப்பு என்று தனித்தனிப் பத்திகள். சொல்லாவிட்டால் அவருக்கு நேரக்கூடியது பெரியது என்பது எல்லா வரிசையிலும் தெளிவாகவே இருந்தது. ஆயினும் அட்டவணையை நான் மூடவில்லை; மேலும் வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். வாக்குமூலத்தையும் எழுதினேன். இருபது அடி, முன்கண்ணாடி, மார்போடு பிடித்த கொத்து. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல் நான்கு முறை திருத்தினேன். அச்சிட்டுக் கையெழுத்திட்டு, கடவுச்சீட்டுகள் இருக்கும் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஞாயிறுதோறும் அவர் வாசலுக்கு வெளியே நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைப்பார். ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போகத் தொடங்கினேன்.

விசாரணைக்கு முந்தின நாள் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: ‘என் வாக்குமூலம் இன்னும் தேவைப்படுகிறதா?’ கோழைத்தனமான கேள்வி அது. வேண்டாம் என்ற பதிலுக்கு நானே வழி செய்து கொடுத்தேன். அவர் பதில் உடனே வந்தது. ‘தேவையில்லை. அருகில் யாரும் இருக்கவில்லை என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் எங்கேயும் வராது. கவலைப்படாதீர்கள்.’

முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அடுத்து வந்தவற்றை நான் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதலில் வந்தது நிம்மதி. அன்று மாலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் அவர் செய்திருப்பது என்ன என்று புரிந்தது. கோப்பையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தது அவர். என்னைக் கேட்காமல், என் பயத்துக்குக் காரணம் விசாரிக்காமல் எழுந்திருக்கிறார். அவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மூட்டையோடு வெளியேறியவள் நான். புரிந்த பிறகும் மாவைப் பிசைந்தேன். மறுநாள் காலை அந்த நீதிமன்றத்துக்குத் திரும்பும் சாலையைக் கடந்து அலுவலகம் போனேன்.

வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் சாட்சி சொன்னார்கள். இவர் பக்கம் யாரும் இல்லை. குற்றம் உறுதியாயிற்று. சில மாதங்களில் அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வேலை அதனோடு போயிற்று.

ஊருக்குத் திரும்பும் முன் ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். திரையிடலின்போது தமிழ்ப் பள்ளியிலிருந்து வாங்கிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று அவர் காரிலேயே தங்கிவிட்டதாம். அழகாகச் சுருட்டி, நூலால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன்; பெட்டி கட்டும் வேலை இருக்கிறது என்றார். மகள் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். மகன் எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். அவனுக்குச் சீன எழுத்து சரியாக வராது, அங்கே வகுப்பில் சிரமப்படுவான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படித்தால் வருமா என்று தானே சொல்லிச் சிரித்தார். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் என் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எடை போட்டேன். சொல்லவில்லை. அதுவும் தவறாக இருக்கலாம்.

எங்கள் கார்டு அந்தக் கோடையில் வந்தது. கணவர் கேசரி கிண்டினார். சோபா வந்தது. நான் செய்த முதல் காரியம், எங்கள் விண்ணப்பத்தைக் கவனித்த வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டது: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஒருவர் நகராட்சி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னால் என்ன ஆகியிருக்கும்? மதிய உணவுக்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரி. எந்தப் பாதிப்பும் இருந்திருக்க வாய்ப்பில்லை, ஏன் கேட்கிறீர்கள்?

பிறகு நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். மேல்முறையீட்டுக்கான காலம் கடந்துவிட்டது என்றார். நான் ஏன் முன்பே வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. தன் கட்சிக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டாரே என்று மட்டும் சொன்னார். இப்போது நான் எதையும் யாரிடமும் பயமின்றிச் சொல்லலாம். கேட்க வேண்டியவர்கள் யாரும் மிச்சமில்லை.

ஒருநாள் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு நான் எழுந்தபோது கணவர் பழக்கத்தில், “அக்கா, அடுப்புல பால்…” என்று தொடங்கினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அம்மாவுக்கு டான்ஸ் கிளாஸ்” என்றாள், தமிழில், குரலில் எந்த ஏற்றமும் இல்லாமல். கணவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வசனத்தை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

வாகன நிறுத்தப் பொறுப்பு எங்கள் முறையில் வரும் வாரங்களையெல்லாம் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பரிகாரம் என்று அதை நான் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது ஒருவர் நிற்க வேண்டும். மஞ்சள் சட்டையில், மார்புப் பக்கம் ஒரு தையல் விட்டிருக்கிறது. கொத்தாகப் பிடித்த இடம். அதை யாரும் தைக்கவில்லை, நானும்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தார். மணிக்கட்டு நன்றாகக் குணமாகியிருந்தது. தன் வாயில் காலியாக இருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் வந்த பிறகு இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நன்றி என்றார்.

நான் கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டேன். இருபது அடி தள்ளி, என் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.